ஒரு இன்ச் குறைந்த மெழுகுவர்த்தி

எங்கள் ஊட்டில் ரெண்டு பெண்கள். ஒருத்தி ஜெபா. இன்னொருத்தி, ஜெபாவோட தங்கச்சி. எனக்கு ஏஞ்சலின் என்று ஞானஸ்நானம் கொடுத்த ஃபாதருக்கே அந்தப் பேர் ஞாபகம் இருக்குமா, சந்தேகம்தான்.

ஜெபாவுக்கு இருபத்துமூணு வயசு. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் பேக்கிங் வேலை. காலை ஷிஃப்ட் முடிந்து மூணரைக்கு வருவாள். வந்தால் படுக்க வேண்டியதுதானே? மாட்டாள். ஆர்.கே.பேட்டை மாந்தோப்பில் தேன்பெட்டி வைத்திருக்கும் சுப்பிரமணி அண்ணன் தேன் பிழிந்தபின் வீசுகிற தேனடையை மூட்டையாக வாங்கி வந்திருப்பாள். அதை உருக்கி, அப்பாவின் பழைய வேட்டியில் வடிகட்டி, மூணு இன்ச் பிவிசி பைப்புத் துண்டில் ஊற்றுவாள். தூண் மாதிரி மெழுகுவர்த்தி. ஊடெல்லாம் தேன் வாசனை.

முதல் இருபத்திரண்டும் உருப்படவில்லை. திரி மெலிசாக இருந்தால் தன் மெழுகிலேயே மூழ்கிச் செத்தது. தடித்தால் புகைந்து சுவரெல்லாம் கரி. அதற்கும் அம்மா, "பாருடி, இன்னா பொறுமை அவளுக்கு" என்றாள். நான் பத்தாவதில், கணக்கில், ஒரே ஒரு தடவைதான் ஃபெயிலானேன். அதற்கு அம்மா வைத்த பேர் வேற.

அப்புறம் ஒருநாள், "ஏய், உன் சடை இறுக்கமா நிக்குதே, இந்த நூலப் பின்னிக் குடேன்" என்றாள் ஜெபா. பின்னிக் கொடுத்தேன். இருபத்துமூணாவது புகையாமல், ஒழுகாமல் எரிந்தது. தெருவே பாராட்டியது. அவளைத்தான்.

கோயில் கமிட்டி ஜெரால்ட் மாமா வந்து பார்த்தார். "இதே மாதிரி ஏழு இன்ச்சுல ஒண்ணு செய்யி. அடுத்த ஞாயிறு பூசை முடிஞ்சதும் கடை மெழுகுவர்த்தி பக்கத்துல ஏத்தறேன். நாலு மணி நேரம் ஒழுங்கா எரிஞ்சா, வருஷம் பூரா பீடத்துக்கு உன்னுதுதான்." கிடைத்தால் பேக்கிங் வேலையை விட்டுவிடலாம் என்று ஜெபாவுக்கு ஆசை. செய்து, துணியில் சுற்றி, கட்டிலுக்கடியில் ஒரு வாரம் ஆற வைத்தாள்.

தூண் மெழுகுவர்த்திக்கு ஒரு குணம் உண்டு. முதல் தடவை ஏற்றினால், அகலத்தில் இன்ச்சுக்கு ஒரு மணி நேரம், ஆக மூணு மணி நேரம் விடாமல் எரிய வேண்டும். மேல்பக்கம் ஓரம்வரை உருக வேண்டும். நடுவில் அணைத்தால் குழி விழும். அப்புறம் எப்போது ஏற்றினாலும் அந்தக் குழிக்குள்ளேயே இறங்கும். "மொதல்ல பட்டத மறக்காதுடி இது" என்பாள் ஜெபா.

திங்கள் முதல் வியாழன் வரை, அவள் ஷிஃப்ட் போனதும், அதைத் தினமும் இருபது நிமிஷம் ஏற்றி ஏற்றி ஊதினேன். விரல் நுழைகிற குழி. நிம்மதியாகத் தூங்கினேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஜெபா போனில் பேசிக்கினு இருந்தாள். "மாமா, நோட்டீஸ்ல பேர் போடறதுன்னா ரெண்டு பேர் போடுங்க. மெழுகுதான் என்னுது. திரி ஏஞ்சலின் பின்னுனது. அது இல்லாம இது வெறும் கட்டி."

சண்டாளி. இப்படியா ஒருத்தியை மாட்டிவிடுவாள்?

சனிக்கிழமை அவள் போனதும் பிரியாணி பார்சல் ஃபாயில் பேப்பரைக் கழுவி, மெழுகுவர்த்தியைச் சுற்றி உயரமாகக் கட்டி ஏற்றினேன். சூடு உள்ளேயே நின்றால் ஓரமும் உருகும். நாலு மணி நேரம் நகராமல் உட்கார்ந்தேன். மேல்பக்கம் குளம் மாதிரி சமமானது. ஆனால் ஒரு இன்ச் காணோம். பக்கமெல்லாம் ஃபாயில் சுருக்கம் வேற.

ஞாயிற்றுக்கிழமை ரெண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஏற்றினார் மாமா. ரெண்டாவது மணிக்கே கடைச் சரக்கு ஒழுகி ஒருபக்கம் சாய்ந்தது. எங்களுது சுடர் ஆடாமல் நின்றது. நாலு மணி நேரம் முடிந்ததும் மாமா ஸ்கேலை வைத்து, "இன்னாம்மா, ஏழுல அஞ்சுதான் நிக்குது? நாலு மணி நேரத்துக்கு ரெண்டு இன்ச்சா?" என்றார்.

ஜெபா சுருக்கத்தைத் தடவினாள். என்னைப் பார்த்தாள். மாமா பக்கம் திரும்பினாள்.

"மொத எரிப்ப ஊட்லயே முடிச்சுட்டுதான் குடுப்போம் மாமா, ஒரு இன்ச்சு அதுல போனது. அப்பத்தான் உங்க கைல குழி உழாது."

"அட! அப்போ எல்லாத்தையும் அப்டியே குடும்மா."

வெளியே வந்ததும் காதைத் திருகினாள். "ஃபாயில் சுத்தற ஐடியா நல்லாகீது. இனிமே அது உன் வேல."

ஆகவே இப்போது ஒவ்வொரு மெழுகுவர்த்திக்கும் மூணு மணி நேரம் காவல் உட்காருகிறேன். பேக்கிங் வேலையை விட்ட மகாராணி பக்கத்தில் உருக்கிக்கினு இருக்கிறாள். வயிற்றெரிச்சல் மட்டும் அணையவில்லை. பாராட்டு அவளுக்கு, பொறுமை அவளுக்கு, போகட்டும். புளுகு ஒன்றுதான் எனக்கென்று இருந்தது. கோயில் வாசலில், கண் இமைக்காமல், அதிலும் அவள்தான் ஃபர்ஸ்ட்.