பாசேஜில் மஞ்சூரியா

ரிட்டயர் ஆன பிறகு தபால் வழியில் எம்.ஏ. வரலாறு சேர்ந்தேன். வீட்டில் சும்மா இருந்தால் சமையலுக்கு யோசனை சொல்லிக்கொண்டே இருப்பேன் என்று மனைவிதான் ஃபாரம் வாங்கி வந்தாள். எனக்கு வாய்த்த பாடம், இரண்டு உலகப் போர்களுக்கு நடுவே ஜப்பான் சீனாவிடம் நடந்துகொண்ட விதம்.

எனக்குப் படித்தால் போதாது, யாரிடமாவது ஒப்பிக்க வேண்டும். மனைவி இரண்டாம் நாளே கையை விரித்துவிட்டாள். அகப்பட்டவர் பக்கத்து ஃபிளாட்காரர். மாட்டுங்காவில் இந்த பில்டிங்கின் இரண்டாம் மாடியில் முப்பது வருஷமாக அடுத்தடுத்து இருந்தோம். பாலக்காட்டுக்காரர், என்னைப்போலவே ஆபீஸில் ஃபைல் தள்ளியவர். பக்கவாதம் வந்து ஒரு கால் இழுத்துக்கொண்டதிலிருந்து வீட்டோடு கிடந்தார். அவரால் எழுந்து ஓட முடியாது என்பது எனக்குச் சௌகரியம்.

ஃபிளாட்டுகளுக்கு முன்னால் ஓடும் எங்கள் பொது நடைவழி, பாசேஜ், அதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கடைசி ஃபிளாட் அவருடையது. லிஃப்டுக்குப் போக என் வாசலைத் தாண்டித்தான் ஆகவேண்டும். பல வருஷத்துக்கு முன் வாசலில் ஒரு செருப்பு ஸ்டாண்ட் வைத்தேன். பிறகு, செருப்புக்குப் பாதுகாப்பு வேண்டாமா என்று ஸ்டாண்டை எடுத்துவிட்டு அலமாரி. ஒரு நாள் புதுச் செருப்பைக் காணோம். திருட்டு என்று கத்தி, அந்த வாரமே அலமாரியைச் சுற்றிப் பாதி பாசேஜுக்குக் கிரில் போட்டேன். செருப்பு எங்கள் கட்டிலுக்கு அடியிலேயே கிடைத்தது. கிரில் அப்படியே இருந்தது. பில்டிங்கை நிர்வகிக்கும் சொசைட்டியின் மீட்டிங்கில் ஒருவர் அதைப் பற்றிக் கேட்டதற்கு, கோபித்துக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன். பக்கத்து வீட்டுக்குத் தீபாவளி மைசூர்பாகு மட்டும் தவறாமல் போய்க்கொண்டிருந்தது.

அன்று ஒப்பித்தது மஞ்சூரியா. முதலில் ஜப்பான் சமாதானமாகத்தான் பேசியது, ஒப்பந்தங்களில் கையெழுத்தும் போட்டது என்றேன். மஞ்சூரியாவில் அதற்கு ஒரு ரயில் பாதை. பாதையைக் காக்கச் சிப்பாய்கள். ஒரு நாள் தண்டவாளத்தில் குண்டு வெடித்தது. வைத்தது ஜப்பான் ராணுவத்தார்தான். பழியைச் சீனா மேல் போட்டு, தற்காப்பு என்று சொல்லி மஞ்சூரியா முழுவதையும் பிடித்துக்கொண்டார்கள்.

“சைனா என்ன பண்ணித்து?” என்று கேட்டார்.

உலக நாடுகளின் சங்கத்தில் புகார் கொடுத்தது என்றேன். கமிஷன் போய்ப் பார்த்தது, அறிக்கை எழுதியது. தங்கள் மேல் தப்பு என்று சங்கம் முடிவு செய்ததும் ஜப்பான்காரர்கள் எழுந்து வெளியே போய்விட்டார்கள்.

“எடம் திரும்பிக் கெடச்சுதா?”

“அப்போ கிடைக்கலை.”

தலையாட்டினார். “அதான் நான் சொசைட்டிக்கு எழுதலை” என்றார். சிரிக்கவில்லை.

மூலையில் ஒரு சக்கர நாற்காலி, மேலே காய்ந்த துணிகள். மகள் வாங்கித் தந்தது. நாலு மாசமாகத் தினமும் அதைப் பார்த்தும், அவருக்குக் கூச்சம் போலிருக்கிறது என்று எண்ணியிருந்தேன். என் கிரிலைத் தாண்டி அது போகாதாம். கையைப் பிடித்துக் கூட்டிப்போக அவர் மனைவிக்குத் தெம்பில்லை, அதனால் கால் பயிற்சிக்குப் போவதும் நின்றுவிட்டதாம். ஞாயிற்றுக்கிழமை ஐரோலியில் மகள் வீட்டுக்கே போய்விடப் போகிறார்கள். குற்றமாகச் சொல்லவில்லை, டைம்டேபிள் சொல்வதுபோல் சொன்னார்.

மறுநாள் காலையிலேயே தாராவியிலிருந்து வெல்டரைக் கூட்டிவந்து கிரிலை அறுத்தேன். அலமாரியை உள்ளே இழுத்தேன். பிறகு போய், போகாதீர்கள் என்று கெஞ்சினேன். அங்கே டாக்டர், ஆள் எல்லாம் ஏற்பாடு ஆகிவிட்டது என்றார்.

ஞாயிற்றுக்கிழமை நாற்காலியை நான்தான் தள்ளினேன். எங்கும் இடிக்காமல் லிஃப்ட் வரை போனது. அவர் இரண்டு பக்கமும் சுவரைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

“நன்னா அகலமான பாசேஜ்தான், சார்” என்றார்.

நான் லிஃப்ட் பட்டனை அழுத்தினேன்.