மாமா கடைக்கு வந்த ஃபிரிட்ஜ்

பன்னாட்டு நிறுவனங்களின் சந்தை உத்தி பற்றிய வகுப்பு. எந்தக் கேள்விக்கும் முதலில் கை தூக்குகிறவள் நான். திரையில் ஒரு பெட்டிக்கடை. வாசலில் கண்ணாடிக் கதவு போட்ட ஃபிரிட்ஜ். "உள்ளூர்க்காரரை விலையில் தோற்கடிக்க வேண்டாம், அவருடைய இடத்தைப் பிடித்தால் போதும்" என்றார் பேராசிரியர். தூக்கப்போன கை பாதியில் நின்றது. அதே மாதிரி ஒரு ஃபிரிட்ஜுக்கு எங்கள் அப்பா சந்தனம் வைத்திருக்கிறார்.

நன்னிலத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அப்பா வீட்டுக் கொல்லையில் பன்னீர் சோடா தயாரித்தார். யார் வீட்டுக்கு விருந்தாளி வந்தாலும், "ஓடிப்போய் கலர் வாங்கிட்டு வா" என்று பிள்ளையை விரட்டுவார்கள். அந்தப் பிள்ளை ஓடுவது மாமா கடைக்கு; வாங்குவது அப்பாவின் சோடா.

நான் நாலாம் வகுப்பு படித்தபோது ஒரு வெளிநாட்டுக் குளிர்பானக் கம்பெனியின் வேன் வந்தது. ஃபிரிட்ஜ் இலவசம், இரண்டு பக்க ஒப்பந்தத்தில் ஒரு கையெழுத்து போதும். மாமா தயங்கினார்.

"எல்லாம் இங்கிலீஷ்ல இருக்கு மச்சான்."

"என் பொண்ண எதுக்கு இங்கிலீஷ் மீடியத்துல போட்டிருக்கேன்? நம்ம சரக்கு இனிமே ஜில்லுனு நிக்கும் மாப்ள, யோசிக்காத" என்று அப்பா என்னை ஸ்டூல் மேல் ஏற்றினார்.

பள்ளி பிரேயரில் செய்தி வாசிப்பதுபோல இரண்டு பக்கத்தையும் திக்காமல் வாசித்தேன். டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் கிளாஸைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்கள். "வெள்ளக்காரன் தோத்தான் போ!" என்றார் ஒருவர்.

"தப்பா ஒண்ணும் இல்லையே கண்ணு?" மாமா கேட்டார்.

பாதி வார்த்தைக்கு எனக்கு அர்த்தம் தெரியாது. அத்தனை பேர் பார்க்கும்போது அதைச் சொல்ல முடியுமா? "எல்லாம் நல்லாதான் இருக்கு மாமா" என்றேன்.

மாமா கையெழுத்துப் போட்டார். ஃபிரிட்ஜை ஒரு பக்கம் பிடித்து இறக்கியது அப்பாதான். சந்தனம், குங்குமம் வைத்து, சூடம் காட்டி, மேல் தட்டில் தன் சோடாவை முதலில் அடுக்கினார்.

பத்து நாள் கழித்து கம்பெனி ஆள் வந்தார். கோபமே இல்லாமல் அப்பாவின் பாட்டில்களை ஒவ்வொன்றாக எடுத்து வெயிலில் வைத்தார். "எங்க சரக்கு மட்டும்தாங்க இதுல இருக்கணும். பேப்பர்லயே இருக்கே, படிக்கலையா?"

அப்பா மாமாவின் பக்கம் திரும்பினார். "தெரிஞ்சேதான் கையெழுத்து போட்டியா?"

மாமா ஒருமுறை என்னைப் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார். "ஆமா மச்சான்."

அப்பா அந்தக் கடை வாசலை அப்புறம் மிதிக்கவில்லை. அப்பா சோடா போட்ட மற்ற கடைகளுக்கும் ஃபிரிட்ஜ் வந்தது. கலர் வாங்க ஓடிய பிள்ளைகள் ஜில்லென்று இருந்ததை வாங்கிப் போனார்கள். அப்பாவின் சோடா மெஷின் பழைய இரும்புக்குப் போனது. அப்பா ரைஸ் மில்லுக்கு மூட்டை தூக்கப் போனார். சில வருஷத்தில், விற்பனை போதவில்லை என்று மாமா கடை ஃபிரிட்ஜையும் கம்பெனி எடுத்துக்கொண்டு போய்விட்டது. அவர்களுக்கு அது ஒரு வரைபடத்தில் ஒரு புள்ளி.

பெரியவர்கள் சண்டை என்றுதான் அன்று நினைத்தேன். மாமா சொன்ன அந்த "ஆமா" பொய் என்பதும், அது யாருக்காக என்பதும் எனக்குப் புரியவில்லை.

அந்தப் பேப்பர் மாமாவின் டிரங்குப் பெட்டியில் இன்னும் இருக்கிறதாம். சனிக்கிழமை ஊருக்குப் போகிறேன். மெஷின் திரும்பாது, கடைகள் திரும்பாது. இத்தனை வருஷம் பேசாதவர்கள் பேசுவார்களா, அதுவும் தெரியாது. அப்பாவை உட்காரவைத்து அதை மறுபடி வாசிக்கப் போகிறேன், தமிழில்.