டைனோசர் செத்து விழுந்த கல்குவாரிக்கு வழி

அந்தப் பழைய டைனோசர் படத்தின் ரசிகர்கள் இன்றும் சிங்கப்பூர் போகிறார்கள். கடைசிக் காட்சி எடுத்த கல்குவாரி எங்கே என்று எனக்கு எழுதிக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். சொல்கிறேன். நான் போனது 1981 கடைசியில், படம் வெளியான வாரம். ஊர் சுற்றப் போகவில்லை. டைனோசர் உடைக்குள் இருந்தவர் என் அத்தான் முருகேசன், செல்வி அக்காவின் கணவர். முந்தின வருடம், படப்பிடிப்பின் கடைசி நாளில் அங்கேயே இறந்துபோனார்.

ஷாட் முடிந்து உடையைக் கழற்றும்போதுதான் மயங்கினார், பட்டினி கிடந்தது அவர் தப்பு என்று படக் கம்பெனிக்காரர்கள் சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார்கள். அக்கா நம்பவில்லை. கேமரா ஓடும்போதே தவித்தாரா என்று படத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும், தனியாகப் பார்க்கத் தெம்பில்லை, வா என்று மலேசியாவில் ஈப்போவில் இருந்த எனக்குப் போன் செய்தாள்.

ஈப்போவிலிருந்து ஜொகூர் பாருவுக்கு ராத்திரி பஸ், டிக்கெட் பதினேழு வெள்ளி. சிங்கப்பூருக்குப் பாலம் கடக்க இன்னொரு பஸ். சோதனைச் சாவடியில் முக்கால் மணி நேரம் நிற்க வைத்தார்கள். என் பையில் இருந்ததோ இரண்டு சட்டையும் ஒரு டப்பா பிஸ்கட்டும். அக்கா வீடு மார்சிலிங், பாலத்தைத் தாண்டினால் பக்கம்தான். ரயிலில் வந்தால் தீவின் தென்கோடியில் தஞ்சோங் பகார் வரை போய்த் திரும்பி வருவது வீண் அலைச்சல்.

மறுநாள் ஞாயிறு. அத்தானோடு வேலை செய்த ஜோசப், தேவாலயத்தில் பூசை முடிந்து அதே உடுப்பில் வந்தார். டைனோசரின் வாயைக் கம்பி இழுத்துத் திறந்து மூடியவர் அவர். மூன்று பேரும் புக்கிட் தீமா பக்கம் பஸ் ஏறினோம். சுமார் பன்னிரண்டு கிலோமீட்டர், ஆளுக்கு அறுபது காசு. இறங்கி மண்பாதையில் நடந்தால் கல்குவாரி.

ரசிகர்கள் கேட்கும் சங்கதியெல்லாம் ஜோசப் அங்கே நின்றுதான் சொன்னார். உடை முழுக்க நுரை ரப்பர். ஜிப் முதுகில், வெளியே இருப்பவர்தான் திறந்துவிட வேண்டும். உள்ளே இருப்பவருக்கு டைனோசரின் தொண்டையில் உள்ள ஓட்டை வழியாகத்தான் பார்வை. உறுமல் பொங்கோலில் ஒரு பன்றிப் பண்ணையில் பதிவு செய்தது. கடைசிக் காட்சியில் டைனோசர் நெருப்பில் நடந்து செத்து விழ வேண்டும். தீமிதிப் படங்களைப் பார்த்துவிட்டுத்தான் கம்பெனி வெள்ளைக்காரர்கள் அத்தானைத் தேடிப் பிடித்தார்களாம்.

அங்கேதான் வந்தது வினை. அத்தான் வருடா வருடம் விரதமிருந்து தீ மிதிப்பவர். சினிமா நெருப்பானாலும் நெருப்புதானே, விரதமில்லாமல் கால் வைக்கமாட்டேன் என்று, இறங்கி முடிக்கும்வரை பச்சைத் தண்ணீர்கூட வேண்டாம் என்றிருக்கிறார். ஒரு சாப்பாடு மிச்சம் என்று கம்பெனியில் சிரித்தார்களாம். காலை எட்டு மணி ஷாட், மழையால் மூன்று மணிக்குத் தள்ளிப்போனது. அதுவரை பாதி உடையோடே உட்கார்ந்திருந்தார்.

"மூச்சு முட்டுனா லெஃப்ட் கையத் தூக்கணும், அதான் சிக்னல்," என்றார் ஜோசப். "தூக்கவே இல்லைன்னு டைரக்டர் சொன்னாரு. நான் பின்னால கம்பியப் புடிச்சிட்டு நின்னேன் லா. எனக்கு முதுகுதான் தெரிஞ்சுச்சு."

அக்கா கரி படிந்த பாறையைப் பார்த்துவிட்டு, படத்துக்கு நேரமாகிறது என்றாள்.

சிராங்கூன் ரோட்டில் இறங்கியபோது மணி நாலரை. சாப்பிடலாம் என்றேன், அவள் வேண்டாம் என்றாள், நானும் சாப்பிடவில்லை. தியேட்டர் டிக்கெட் இரண்டு வெள்ளி. படத்தின் முக்கால்வாசி எனக்கு நினைவில்லை. கடைசியில் டைனோசர் தீயில் இறங்கி நாலடி நடந்தது. இடது கை மேலே போனது. யாரும் வரவில்லை. முழங்காலில் விழுந்தது, கை மறுபடி போனது. கவிழ்ந்த பிறகும் ஒரு தரம், பாதி உயரத்துக்கு. தியேட்டரே கைதட்டியது. பக்கத்துச் சீட்டுப் பையன் விசிலடித்தான்.

"மூணு தரம் கேட்டிருக்காரு," என்றாள் அக்கா.

மறுநாள் கம்பெனி ஆபீசுக்குப் போனோம். அங்கே வேறு யாரோ தையல் மிஷின் விற்றுக்கொண்டிருந்தார்கள்.

இப்போது போகிறவர்களுக்கு: பியூட்டி வேர்ல்ட் எம்ஆர்டி ரயில் நிலையத்திலிருந்து இருபது நிமிட நடை. குவாரி முழுக்கத் தண்ணீர், சுற்றிலும் வேலி. காலையில் போங்கள், குடிக்கத் தண்ணீர் கொண்டுபோங்கள், அங்கே புழுக்கம் ஆளைக் கொன்றுவிடும். அந்தக் கை தூக்கல் டைரக்டருக்குச் சட்டென்று தோன்றிய யோசனை என்று இணையத்தில் போட்டிருக்கிறார்கள். அதை நம்பி, வேலியோரம் அதே மாதிரி நின்று எடுத்த படங்களை எனக்கே அனுப்புகிறார்கள். அக்கா இன்னும் இருக்கிறாள், அவள் பேத்தி போனில் எல்லாவற்றையும் காட்டிவிடுகிறாள். படம் எடுத்துக்கொள்ளுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. கையை மட்டும் தூக்காதீர்கள்.