காதுக்கு மேல் ஓங்காத கை

குன்னூர் பஸ் ஸ்டாண்டில் கிளம்பிய பேச்சு ஒரே மாதத்தில் கோத்தகிரிக்குப் போய், அங்கிருந்து ஊட்டி ஏறி, இத்தலாரில் கேரட் கழுவுகிற இடத்தில் போய் நின்றது. தரணிதரன் கை வைத்துவிட்டால் அந்த ஆம்பளையின் கை அதற்கப்புறம் பெண்டாட்டி மேல் ஓங்காது. மூட்டை தூக்கும், குடம் தூக்கும், கிளாஸ் தூக்கும். காதுக்கு மேல் மட்டும் போகாது. குன்னூரில் இதை நரம்புத் தடவல் என்றார்கள். கோத்தகிரியில் ஒரு நரம்பையே உருவி எடுத்துவிடுகிறார் என்றார்கள். இத்தலார் போய்ச் சேர்வதற்குள், உருவிய நரம்புகளைப் பாட்டிலில் போட்டு அலமாரியில் வரிசையாக வைத்திருக்கிறார் என்று ஆகியிருந்தது.

முதலில் பாட்டில். தேடியாயிற்று, இல்லை. அலமாரியில் இருப்பது வலித் தைலமும், பங்கஜம் மறந்து வைத்த அரை கிலோ வர்க்கி பிஸ்கட்டும்தான். பங்கஜம் தரணிதரனின் மனைவி. கிளினிக்கில் டோக்கன் கொடுப்பதும், வந்தவர்களை அதட்டி உட்கார வைப்பதும் அவர். நரம்பு எதையும் யாரும் உருவவில்லை என்று பங்கஜமே சொல்கிறார். மிச்சம் இருப்பது கை ஓங்குமா ஓங்காதா என்கிற விஷயம். அதைச் சரிபார்க்க வேண்டுமானால் தரணிதரனின் தொழிலை அடியிலிருந்து பார்க்க வேண்டும். அடி என்ற சொல் இங்கே தெரிந்தே போடப்படுகிறது.

கோயமுத்தூரில் ஹார்டுவேர் கடை வைத்திருந்த குடும்பம். கடை அண்ணனுக்குப் போனது. தம்பி தரணிதரன் மலை ஏறி வெலிங்டன் ராணுவ முகாமில் சிவிலியன் வேலையில் சேர்ந்தார். குத்துச்சண்டை போடுகிறவர்களுக்கு உடம்பு பிடித்துவிடும் வேலை. மூக்கு உடைந்து வருவான் ஒருத்தன், தாடை கழன்று வருவான் இன்னொருத்தன். ரத்தத்தைத் துடைத்து, இழுக்க வேண்டியதை இழுத்து, தள்ள வேண்டியதைத் தள்ளி, அடுத்த ரவுண்டுக்கு அனுப்ப வேண்டும். பதினாறு வருஷம் அதைச் செய்தார். ஓர் உடம்பைச் சரி செய்வது என்றால் அது திரும்பப் போய் அடிக்கிற அளவுக்குச் சரி செய்வது என்று அவர் கைக்குப் பழகிவிட்டது.

பிறகு பெங்களூரில் பதினொரு மாதம் படித்து, முதுகெலும்புப் படம் போட்ட சான்றிதழோடு வந்து, குன்னூரில் ஒரு பேக்கரிக்கு மேல் மாடியில், எலும்பைச் சொடுக்கி வலி எடுக்கிற கைரோபிராக்டிக் கிளினிக் திறந்தார். பலகையில் டாக்டர் என்று போடவில்லை. வக்கீல் வேண்டாம் என்றுவிட்டார். ஊரே போட்டுக்கொண்டது. சலூன்காரர் முடி வெட்டிய கையோடு சும்மா எடுத்துவிடுகிற கழுத்துச் சொடக்கை, இவர் நோயாளியின் காலரில் மைக் மாட்டி எடுத்தார். அந்தச் சத்தத்தை யூடியூபில் போட்டார். முதுகு வலியோடு வந்தவர்கள் சத்தம் சரியாக விழவில்லையென்றால் குணமாகவில்லை என்று நினைத்துக்கொண்டு இன்னொரு முறை எடுக்கச் சொன்னார்கள்.

அப்படி ஓடிக்கொண்டிருந்த கிளினிக்குக்குப் பாண்டியன் வந்தான். குன்னூருக்குக் கீழே ஓர் எஸ்டேட்டில் தேயிலைக் கொழுந்து மூட்டைகளை லாரியில் ஏற்றுகிற ஆள். இலங்கைத் தோட்டங்களிலிருந்து திரும்பி வந்த குடும்பம். வலது தோள் பூட்டு விட்டு இறங்கித் தொங்கியது. தரணிதரன் அவனைத் தரையில் படுக்க வைத்து, கக்கத்தில் தன் குதிகாலைக் கொடுத்து, மணிக்கட்டைப் பிடித்து ஒரே இழுப்பு இழுத்தார். அலறல் பேக்கரி வரை கேட்டது. தோள் உள்ளே போய் உட்கார்ந்தது. வீடியோவை அம்பதாயிரம் பேர் பார்த்தார்கள்.

எட்டாம் நாள் ஒரு பெண் வந்தாள். வாய் மூடவில்லை. தாடை ஒரு பக்கமாகக் கழன்று, எச்சில் கழுத்து வரை வழிந்துகொண்டிருந்தது. தரணிதரன் இரண்டு கட்டைவிரலிலும் துணி சுற்றி வாய்க்குள் விட்டு, கடைவாய்ப் பற்களை அழுத்தித் தாடையைக் கீழே இறக்கிப் பின்னால் தள்ளினார். பூட்டு விழுந்தது. பேச்சு திரும்பியதும் அவள் முதலில் கேட்டது இதுதான்.

"போன வாரம் பாண்டியன்னு ஒருத்தருக்குத் தோளு பூட்டுனது நீங்கதானே சார்?"

"ஆமாங்க."

"நல்லாப் பூட்டியிருக்கீங்க. நான் அவரு சம்சாரம், ரேணுகா."

இரண்டு மாதம் கழித்துப் பாண்டியன் மறுபடி வந்தான், அதே தோளைத் தொங்கப் போட்டுக்கொண்டு. மூட்டை வீசும்போது விலகிவிட்டது என்றான். முஷ்டியில் பச்சைப் பெயிண்ட் ஒட்டியிருந்தது. எஸ்டேட்டில் தொழிலாளர்கள் குடியிருக்கிற லயத்துக் கதவுகளுக்கு அடிக்கிற பச்சை.

பங்கஜம் கணவரைத் தனியாகக் கூப்பிட்டார். "ஏனுங்க, அது கதவுப் பெயிண்டுங்க. அந்தப் புள்ள குனிஞ்சிருக்கோணும், இவன் குத்து கதவுல போயிருக்குது. திருப்பி அனுப்பிருங்க."

"வந்தவனுக்குப் பாக்காம அனுப்பறதுக்கு நானென்ன போலீஸா?" என்றார் தரணிதரன். குதிகாலைக் கொடுத்து இழுத்தார்.

நாலாம் நாள் ரேணுகா வந்தாள். இந்த முறை காறை எலும்பு முறிந்திருந்தது. முறிவு தன் வேலை இல்லை, பெரியாஸ்பத்திரிக்குப் போகணும் என்று துணியால் தூளி கட்டிவிட்டார் அவர். 

"ஒங்க வேலையில ஒரு கொறையும் சொல்ல முடியாது சார். போன தடவைக்கு இப்ப வீச்சு ஜாஸ்தி."

தரணிதரனுக்கு முடிச்சு சரியாக விழவில்லை. அவிழ்த்துக் கட்டினார். "இனி அவன் வந்தா நான் என்ன பண்ணட்டும், நீயே சொல்லும்மா."

"எனக்கென்ன தெரியும். படிச்சவரு நீங்க. மூட்டை தூக்குற அளவுக்கு விட்டுட்டு மீதியப் பிடிச்சு வச்சுக்க முடியாதா?"

பின்னால் ஊரே கொண்டாடிய மாற்று மருத்துவ முறைக்குத் தாய் இந்த ஒரு கேள்விதான். காப்புரிமை கேட்டால் ரேணுகா பெயரில்தான் எழுத வேண்டும்.

மூன்றாம் முறை பாண்டியன் வந்தபோது தரணிதரன் தயாராக இருந்தார். தோளைப் பூட்டினார். பிறகு அந்தக் கையைக் காது வரை தூக்கிப் பிடித்துக்கொண்டு, கக்கத்தின் குழியில் ஓர் இடத்தில் கட்டைவிரலை ஊன்றி, ஸ்குரூ திருகுவது போலத் திருகினார். பாண்டியனின் விரல் நுனி வரை நெருப்பு ஓடியது. அவன் கட்டிலிலிருந்து எகிறிச் சுவரில் மோதினான்.

"பாத்தியா? நரம்பு எலும்புக்கு அடியில மாட்டியிருக்குது. தோளுக்குக் கீழ என்ன வேலை வேணாலும் செய். காதத் தாண்டுச்சுன்னா அறுந்துரும். அறுந்துச்சுன்னா கை தொங்கிரும், சோறு இன்னொருத்தர் ஊட்டோணும்."

எதுவும் எங்கும் மாட்டியிருக்கவில்லை. சுத்தப் பொய். ஆனால் வாரம் இரண்டு நாள் வரச் சொல்லி, ஒவ்வொரு முறையும் கையைக் காதுக்குத் தூக்கி, அதே குழியில் விரலை விட்டுத் திருகினார். எட்டு வாரத்தில் பாண்டியனின் உடம்பு அந்தப் பொய்யை நம்பிவிட்டது. மூட்டையை முதுகில் சுமந்தான். லாரிக்கு மேல் வீசுகிற வேலையை வேறு ஆளுக்கு விட்டான். ஒரு நாள் குழம்பில் உப்பு இல்லை என்று கையை ஓங்கி, காதருகே வந்ததும் தானாகவே கத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். ரேணுகா சிரிக்கவில்லை. அடுத்த நாள் கொழுந்து எடுக்கிற இடத்தில் சொன்னாள். ஒரு நிரையில் நின்ற பதினாறு பெண்கள் கேட்டார்கள். பேச்சு பஸ் ஏறியது அப்படித்தான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பேக்கரிப் படியிலிருந்து ரோடு வரை வரிசை நின்றது. ஆண்களைப் பெண்கள் கூட்டி வந்தார்கள்.

"எனக்கு ஒண்ணும் இல்லீங்க. மூட்டு வலின்னு இவதான் இழுத்தாந்தா. மூட்டு வலி அவளுக்குத்தான்" என்றார் ஒருவர்.

"கையத் தூக்குங்க" என்றார் தரணிதரன்.

உள்ளே அலறல் கேட்கும். வெளியே பெஞ்சில் வர்க்கியை டீயில் நனைத்துக்கொண்டிருக்கிற பெண்கள் ஒருவரையொருவர் பார்க்காமல் சாப்பிடுவார்கள். ஆரம்பத்தில் மூன்று எண்ணுகிற வரை திருகினார். பிறகு ஏழு. பிறகு, "எத்தனை தடவை அடிச்சே?" என்று கேட்டு அத்தனை எண்ணிக்கை. ஒருவன் பொய்க் கணக்குச் சொன்னபோது வெளியே இருந்த மனைவியைக் கூப்பிட்டுக் கேட்டு, வித்தியாசத்தை அதே கக்கத்தில் மறுபடி தீர்த்தார். தோள் இறுகிப்போய் நிஜமாகவே வைத்தியத்துக்கு வந்த ஒரு ரிடையர்டு கிளார்க் மயங்கி விழுந்து, விழுந்த இடத்தில் நெற்றி கிழிந்தது.

பங்கஜம் பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டே சொன்னார். "ஏனுங்க, இந்த மனுசன் பெண்டாட்டி செத்து ஆறு வருசமாச்சுங்க. இவரு யாரைப் போய் அடிக்கறது?"

"முன்ன அடிச்சிருப்பான்."

பங்கஜம் பஞ்சை மாற்றி வைத்தார். "இப்பெல்லாம் ஞாயித்துக்கெழமைன்னா நீங்க வெள்ளன எந்திரிச்சுக் குளிக்கறீங்க."

 தரணிதரன் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார்.

மூன்று மாதம் கழித்து ஒரு புதன்கிழமை ரேணுகா வந்தாள். ஒரு காது வீங்கி மூடிப்போயிருந்தது. மூச்சு இழுக்கும்போது விலாவைப் பிடித்துக்கொண்டாள்.

"ஓங்கிட்டானா?" என்றார் தரணிதரன்.

"சோத்தாங்கை பத்திரமா இருக்கு சார். இது பீச்சாங்கை."

பதினாறு வருஷம் குத்துச்சண்டை பார்த்தவருக்கு மனிதனுக்கு இரண்டு கை என்பது மறந்துபோயிருந்தது. நாற்காலியில் உட்கார்ந்தார். "கூட்டிட்டு வா. அதையும் பாத்துரலாம்."

"அதையும் கட்டுனா காலு இருக்கு. காலக் கட்டுனா தலை இருக்கு. நீங்க எதுவரைக்கும் கட்டுவீங்க? நீங்க வெரல வச்சுத் திருகுற அந்த எடத்த எனக்குக் காட்டுங்க."

காட்டுவதற்கு அங்கே வேறு உடம்பு இல்லை. தரணிதரன் தன் வலது கையைத் தூக்கி, கக்கத்துக் குழியைத் தொட்டுக் காட்டினார். ரேணுகா இருபத்திரண்டு வருஷம் கொழுந்து கிள்ளியவள். அந்தக் கட்டைவிரல் உள்ளே இறங்கியபோது தரணிதரனுக்குக் கண் இருண்டது. மேஜையில் இருந்த முதுகெலும்பு பொம்மையைத் தட்டிவிட்டுத் தரையில் மண்டியிட்டார். இத்தனை மாதமாகத் தான் என்ன கொடுத்துக்கொண்டிருந்தோம் என்பது அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது.

"கொஞ்சம் உள்ளாற தள்ளி இருக்கு, இல்லையா சார்?" என்றாள் அவள்.

மூன்று வாரம் வந்து பழகினாள். மூன்றாவது வாரம் ஞாயிற்றுக்கிழமை. வரிசை ரோடு வரை இருந்தது. அதைத் தள்ளிக்கொண்டு பாண்டியன் மேலே ஏறினான். முந்தின நாள் பெரியாஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்த டாக்டர், நரம்புக்கு ஒன்றுமில்லை, தாராளமாகத் தூக்கலாம் என்று சொல்லிவிட்டார்.

"எல்லாரும் பாருங்கடா" என்றான் பாண்டியன். வலது கையைக் காதுக்கு மேல் தூக்கினான். அதற்கு மேலும் தூக்கினான். "ஓங்குதா?"

அந்தக் கை தரணிதரனின் மூக்கில் இறங்கியது. ரத்தம் சுவரில் மாட்டியிருந்த சான்றிதழில் தெறித்தது. இரண்டாவது குத்தில் அவர் கட்டிலோடு சரிந்தார். மூன்றாவது உதை. வரிசையில் நின்ற ஆண்கள் ஒருவரும் தடுக்கவில்லை. சிலர் முகத்தில் திருப்தி தெரிந்ததாகப் பங்கஜம் சொல்கிறார். பங்கஜம் டோக்கன் டப்பாவால் பாண்டியன் மண்டையில் அடித்தார். அவன் திரும்பினான். திரும்பிய இடத்தில், பழக வந்திருந்த ரேணுகா நின்றிருந்தாள்.

"நீ இங்கதான் இருக்கியா" என்று முழு வீச்சில் கையை ஓங்கினான். இந்த முறை அவள் குனியவில்லை. ஒரு அடி முன்னால் வந்து, தூக்கிய கையின் அடியில் கட்டைவிரலை ஏற்றினாள். எடுக்கவில்லை. அவன் அலறித் துள்ளி, நிலைதடுமாறி, வலது தோள் மேலேயே தரையில் விழுந்தான். பூட்டு விலகிய சத்தம் மைக் இல்லாமலே எல்லோருக்கும் கேட்டது.

தரணிதரன் ரத்தத்தைத் துப்பிக்கொண்டு தவழ்ந்து வந்தார். வெலிங்டன் பழக்கம். யோசிக்கும் முன்னே அவர் குதிகால் பாண்டியனின் கக்கத்துக்குப் போய்விட்டது. இரண்டு கையும் மணிக்கட்டைப் பிடித்துவிட்டன.

"பூட்டுங்க சார், பூட்டுங்க" என்று பாண்டியன் கதறினான்.

"சார்" என்றாள் ரேணுகா. "இழுக்கறதுன்னா, அடுத்தது யாருக்குன்னு சொல்லிட்டு இழுங்க."

 தரணிதரன் மணிக்கட்டை விட்டார். காலை எடுத்தார். "நூத்தியெட்டுக்குப் போன் போடு பங்கஜம். அப்புறம் ஸ்டேஷனுக்கு."

ஆஸ்பத்திரியில் தோளைச் சரியாகவே பூட்டினார்கள். பாண்டியன் உள்ளே போய், ஜாமீனில் வெளியே வந்துவிட்டான். அதற்குள் ரேணுகா அவன் தேடிப் போகிற இடத்தில் இல்லை. அன்றைக்கு லயத்துக்குத் திரும்பாமலே, கட்டிய சேலையோடு மத்தியானக் கூடலூர் பஸ் ஏறி ஓவேலியில் அக்கா வீட்டுக்குப் போனவள், அங்கேயே ஓர் எஸ்டேட்டில் பேர் பதிந்துவிட்டாள். அக்கா புருஷன் ஒரு முறை குரலை உயர்த்திப் பார்த்தார் என்றும், கட்டைவிரலைப் பார்த்ததும் இறக்கிக்கொண்டார் என்றும் கேள்வி.

ஆகவே சரிபார்த்த வரையில் பேச்சு பொய். கை ஓங்கும், நன்றாகவே ஓங்கும். தரணிதரன் அந்த வைத்தியத்தை நிறுத்திவிட்டார். இப்போது ஞாயிற்றுக்கிழமை பெண்கள் மட்டும் வருகிறார்கள், இடம் தெரிந்துகொள்ள. ஆண் உடம்பு தானாக யாரும் தருவதில்லை. எல்லோரும் அவருடைய வலது கக்கத்தில்தான் பழகுகிறார்கள். அந்த ஒரு கை மட்டும் காதுக்கு மேல் போவதில்லை. சட்டை மாட்டப் பங்கஜம்தான் உதவுகிறார்.

இடையில் ஒரு துண்டு விவகாரம் இருக்கிறது. ஆம்புலன்ஸ் வருகிற வரைக்கும் தரணிதரனின் மூக்கில் ரேணுகா தன் சும்மாட்டுத் துண்டை வைத்து அழுத்திப் பிடித்திருந்தாள், தலையில் மூட்டைக்கு அடியில் சுருட்டி வைக்கிற துண்டு. வந்த போலீஸ்காரர் அதை ரத்தத்தோடு கவரில் போட்டு, நம்பர் எழுதி, சாட்சிப் பொருளாக எடுத்துப் போய்விட்டார். கேஸ் முடிந்தால்தான் கிடைக்கும். கேஸ் வாய்தாவில் இருக்கிறது. பங்கஜம் ஓவேலி பஸ்ஸில் புதுத் துண்டு ஒன்று கொடுத்தனுப்பினார். அடுத்த பஸ்ஸில் திரும்பி வந்தது.

"புதுசு வழுக்குது அக்கா. மூட்டை நிக்க மாட்டேங்குது" என்றாள் ரேணுகா போனில். "சாருகிட்டச் சொல்லுங்க. அவரு மூக்குக்குக் குடுத்தது, அவருதான் வாங்கிக் குடுக்கணும்."

வாங்கித் தருவதாகச் சொல்லித் தரணிதரன் நாலு முறை ஸ்டேஷனுக்குப் போய் வந்துவிட்டார்.