மூன்று குரோம் மூடிகள்

என் அக்காவின் கணவருக்குக் கடையில் 'மூடி மன்னன்' என்று பெயர். வைத்தவன் நான்தான். மச்சான் அதைப் பட்டம் என்று எடுத்துக்கொண்டார். கேலி என்று இன்றுவரை அவருக்கு உறைக்கவில்லை.

இசைக்கருவி விற்கும் கடை. முன்பக்கம் அவருடைய ராஜ்யம். பின்னால் பழுது பார்க்கும் மேசை என்னுடையது. மலிவு விலை எலெக்ட்ரிக் கிட்டார்கள் தொங்கும் சுவர் முன்னால் நின்று அவர் விடும் சரடு பதினெட்டு வருஷமாக என் காதில் விழுகிறது.

கிட்டார் தந்திகளுக்குக் கீழே பிக்கப் என்று ஒன்று இருக்கும். காந்தம், அதைச் சுற்றிச் செம்புக் கம்பி, அவ்வளவுதான். தந்தியின் அதிர்வைப் பிடித்து ஒலிபெருக்கிக்கு அனுப்பும். அதன்மேல் தூசு படாமல் ஒரு பிளாஸ்டிக் மூடி: வெள்ளை, கறுப்பு, கிரீம். உள்ளே மூன்றும் ஒரே சரக்கு. ஒரே அட்டைப்பெட்டியில்தான் வந்து இறங்கும். ஆனால் மச்சான் வாயில் வெள்ளை கணீரென்று பேசும், கறுப்புக்கு அடித்தொண்டை, கிரீம் என்றால் பழைய காலத்து இனிமை, கேட்டால் கண் கலங்கும். கிரீமுக்கு விலையும் கூடுதல். அந்த விலையைக் கேட்டுக் கலங்கியவர்களைத்தான் நான் பார்த்திருக்கிறேன்.

ஒருநாள் அவர் கண்ணைத் துணியால் கட்டிவிட்டு மூன்றையும் வாசித்துக் காட்டினேன். மூன்றையும் தப்பாகச் சொன்னார்.

"கண்ணக் கட்டிட்டா எப்படி மாப்ளே காது கேக்கும்?" என்றார். சத்தியமாக இப்படித்தான் சொன்னார்.

வீட்டிலும் இதே கூத்து. குளியலறைக் குழாயில் தண்ணீர் நூல் மாதிரி வரும். கைப்பிடி மட்டும் முகம் பார்க்கலாம் போல மின்னும். அக்கா சண்டை போட்டு ஓய்ந்துவிட்டாள்.

அவர்களுடைய ஒரே மகள் அப்பாவைப் போல இல்லை. கடையிலேயே மட்டமான வெள்ளை மூடிக் கிட்டாரை வைத்துக்கொண்டு ஆறு வருஷம் விரல் தேய வாசித்தவள். இசைப் பள்ளியில் சம்பளம் கட்டாமல் படிக்க ஒரே ஒரு இடம் இருந்தது. அதற்குத் தேர்வு திங்கட்கிழமை காலை. கிடைக்காவிட்டால் அக்கா வேலை செய்யும் சலவை நிலையத்தில் அவளும் சேரவேண்டியதுதான்.

சனிக்கிழமை மச்சான், தந்தி மாற்றவேண்டும் என்று அவளிடம் பொய் சொல்லிக் கிட்டாரைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். அதிலிருந்த மூன்று பிக்கப்புக்கும் போட, பையிலிருந்து மூன்று குரோம் மூடிகளை எடுத்தார். எந்தத் தெருவோரத்தில் பிடித்தாரோ.

"பரீட்சை எடுக்கிறவங்க மொதல்ல பாக்குறது கிட்டாரத்தான் மாப்ளே. எம் பொண்ணு ஏப்ப சாப்பையா போய் நிக்கக் கூடாது."

திருகாணி பொறுக்க வைத்திருக்கும் காந்தத்தை ஒரு மூடியின் அருகே கொண்டுபோனேன். டக்கென்று ஒட்டியது. பித்தளைக்குக் குரோம் பூசியிருந்தால் ஒட்டாது. இது இரும்பு. இரும்பு மூடி பிக்கப்பின் காந்த சக்தியைத் தானே இழுத்துக்கொள்ளும். சத்தம் போர்வைக்குள்ளிருந்து முனகுவதுபோல் வரும். தொழில் தெரிந்த எவனும் முதலில் பார்ப்பது இதைத்தான். பதினெட்டு வருஷம் மூடி பேசியவருக்கு இது தெரியாது.

சொல்லத்தான் வாயெடுத்தேன். அதற்குள் அவர் என் தோளைத் தட்டி, "அழகு சமாச்சாரமெல்லாம் ஒனக்குப் புரியாது மாப்ளே, சொன்னதச் செய்" என்றார். எனக்குச் சுருக்கென்றது. வாயை மூடிக்கொண்டு மாட்டினேன். அவள் வீட்டில் வாசித்ததும் குட்டு வெளிப்படும், மகள் முன்னால் அவர் மூக்கு உடையட்டும் என்று நினைத்தேன்.

ஆனால் மனுஷன் கிட்டாரை வீட்டுக்கே கொண்டுபோகவில்லை. ஞாயிறு முழுக்க விரலுக்கு ஓய்வு கொடு என்று மகளிடம் சொல்லிவிட்டு, திங்கட்கிழமை பள்ளி வாசலில்தான் பெட்டியைத் திறந்து காட்டினார். அவள் மிரண்டுபோய், கூட வந்திருந்த என்னைப் பார்த்தாள். அதற்குள் உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். அப்போதாவது நான் சொல்லியிருக்கலாம்.

நடையில் நின்று கேட்டோம். ஒலிபெருக்கியைக் கூட்டினாள், இரைச்சல்தான் கூடியது. தந்தியை ஓங்கி அடித்தாள், தாளம் தப்பியது. பத்து நிமிஷத்தில் கதவு திறந்தது. விரல் நன்றாக ஓடுகிறது, தொனி இல்லை என்று சொல்லி அடுத்த பையனைக் கூப்பிட்டார்கள்.

குரோம் போட்டும் பிடிக்கவில்லை என்றால் இவர்களுக்கெல்லாம் காதே இல்லை என்று மச்சான் பொருமினார். சொல்லச் சொல்லவே அவர் குரல் உடைந்தது.

அவள் நேராக என்னிடம் வந்தாள்.

"மாமா, நீங்கதான மாட்டுனீங்க. இப்படி ஆகும்னு தெரியாதா?"

பொய் சொல்லியிருக்கலாம். "தெரியும்மா" என்றேன்.

கிட்டாரைப் பெட்டிக்குள் வைத்து மூடினாள். பிறகு போய், சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டிருந்த அப்பாவின் கையைப் பிடித்தாள்.

"வாங்கப்பா, வீட்டுக்குப் போலாம்."

என்னைக் கூப்பிடவில்லை.