கடிப்பதற்கு முன்பே ஈரம்

“நாடகத்துல அந்த ஒரு சீனை மட்டும் எடுத்துடுங்க டீச்சர். கூரைக்கு ஷீட் போட்டுத் தர்றேன்னு சொன்னவரு முன்வரிசையில உக்காரப் போறாரு” என்றார் தலைமையாசிரியர். மறுநாள் ஆண்டு விழா.

ஒரத்தநாடு பக்கம் ஒரு தொடக்கப் பள்ளி. என் நான்காம் வகுப்பு அறை மழைக்கு ஒழுகும். ஷீட் போட்டுத் தர ஒப்புக்கொண்டவர் உள்ளூர் நெல் வியாபாரி.

அந்த சீனை நான் எழுதவில்லை. பொருளாதாரம் என்றால் என்னவென்று புரியவைக்க வகுப்பிலேயே சந்தை போட்டேன். அட்டையில் படம் ஒட்டிக் காட்டுகிற வேலை எனக்கு ஆகாது. சோப்புக்குக் கடைக்காரர் விலை சொன்னார். நெல்லுக்கு மட்டும் விற்கிற விவசாயி கையைக் கட்டிக்கொண்டு நிற்க, வாங்குகிறவர் விலை சொன்னார். யாரும் சொல்லித் தரவில்லை, களத்தில் பார்த்ததைச் செய்தார்கள். வியாபாரி வேஷம், ஷீட் தருவதாகச் சொன்ன அந்த வியாபாரியின் மகள் யாழினிக்கு. நெல்லைக் கையில் அள்ளியதுமே “ஈரமா இருக்கு, விலை கம்மிதான்” என்றாள். பிறகுதான் ஈரம் பார்க்க ஒரு மணியை வாயில் போட்டுக் கடித்தாள். அந்தச் சந்தையையே ஆண்டு விழா நாடகமாக்கினோம்.

“சோப்புக்கு விக்கிறவரு விலை சொல்றாரு. நெல்லுக்கு ஏன் டீச்சர் வாங்குறவரு சொல்றாரு?” என்று ஒருத்தி கேட்டாள். இத்தனை வருஷத்தில் எந்தப் பயிற்சி வகுப்பிலும் நான் கேட்காத கேள்வி.

“எடுக்க மாட்டேன் சார். புள்ளைங்க பொய் சொல்லல” என்றேன் தலைமையாசிரியரிடம்.

“ஷீட் வராது டீச்சர்.”

“வராட்டி போகட்டும். ஒழுகுற கூரைக்குக் கீழ உண்மையச் சொல்லிக் கொடுத்துட்டுப் போறேன்.”

விழாவில் யாழினி கடிப்பதற்கு முன்பே “ஈரம்” என்றதும், நெல் விற்றுப் பழகிய கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. வியாபாரி பாதியில் எழுந்து போய்விட்டார். ஷீட் வரவில்லை. கல்வி அலுவலகத்திலிருந்து விளக்கக் கடிதம் கேட்டார்கள். ‘பாடம் நடத்தினேன்’ என்று ஒரே வரி எழுதிக் கொடுத்தேன்.

திங்கட்கிழமை யாழினி என் மேஜையருகே வந்து நின்றாள். “அப்பா எங்கிட்ட பேசவே மாட்டேங்குறாரு டீச்சர். நான் தப்பா நடிச்சிட்டேனா?”

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. என் வீம்பில் இந்தப் பிள்ளையை நான் நினைக்கவே இல்லை. சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போனேன்.

“ஊரே சிரிச்சிச்சு டீச்சர்” என்றார் அவள் அப்பா.

“கோபம்னா எங்கிட்ட காட்டுங்க. அவ உங்கள மாதிரி ஆகணும்னுதான் அந்த வேஷத்தக் கேட்டு வாங்கினா.”

அவர் உள்ளே பார்த்து மகளைக் கூப்பிட்டார். ஷீட்டைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. அந்த மழைக்காலம் முழுவதும் வாளி வைத்துத்தான் வகுப்பு நடந்தது.

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் ஆசிரியர்களுக்குச் சொல்கிறேன். யார் சொன்னாலும் சீனை எடுக்காதீர்கள். ஆனால் அதில் நடிக்கிற பிள்ளையின் வீட்டுக்கு விழாவுக்கு முதல் நாளே போய்விடுங்கள்.