கதவு மூடியிருப்பதாகச் சொன்ன கம்பி

ஒலிபரப்பு நிலையத்தின் டிரான்ஸ்மிட்டர் அறையில் இருபத்திரண்டு வருஷம் குப்பை கொட்டியவர் அந்த டெக்னீஷியன். அது ஒன்றும் பிரம்ம வித்தை இல்லை. டிரான்ஸ்மிட்டர் பெட்டியின் கதவு மூடியிருக்க வேண்டும், விசிறி சுற்ற வேண்டும், குளிர்விக்கும் தண்ணீர் ஓட வேண்டும். மூன்றும் சரி என்றால், எல்லாவற்றையும் கட்டுப்படுத்தும் லாஜிக் போர்டுக்கு 'சரி' என்பதற்கு அடையாளமாக மூன்று 'ஒன்று' போகும். அப்போதுதான் பெரிய மின்சாரம் உள்ளே வரும். ஏதாவது ஒன்று சைபர் ஆனாலும் போச்சு, எல்லாம் அடங்கிவிடும். ஆண்ட் கேட் என்பது அவ்வளவுதான்.

மூன்று மாதமாகக் கதவு ஸ்விட்ச் மக்கர் பண்ணியது. மூடிய கதவைத் திறந்திருக்கிறது என்று சாதிக்கும், ஒலிபரப்பு நின்றுவிடும். உடனே மேலாளர் போனில் கத்துவார்: "என்னய்யா, அங்க தூங்குறீங்களா?" புது ஸ்விட்ச் கேட்டு எழுதி எழுதிக் கை ஓய்ந்ததுதான் மிச்சம். அந்தச் செவ்வாய்க்கிழமை பதினோராவது தடவையாக நின்றபோது மனுஷனுக்கு வெறுத்தே போய்விட்டது. துண்டுக் கம்பி ஒன்றை எடுத்து ஸ்விட்சுக்குக் குறுக்கே முறுக்கிவிட்டார். இனிமேல் கதவு எப்படி இருந்தாலும் போர்டுக்கு 'ஒன்று'தான். பதிவேட்டில் எழுதவில்லை. எழுதினால் ஆயிரம் கேள்வி வரும், யார் உட்கார்ந்து பதில் சொல்வது? அப்பாடா என்று வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டார்.

மறுநாள் காலை ஷிப்டு அவருடைய தங்கை புருஷனுக்கு. பத்து வருஷமாக இருவருக்கும் அதே அறைதான். நிகழ்ச்சி இடைவேளையில் தூசி துடைப்பது வழக்கம். கதவைத் திறந்தாலே மின்சாரம் போய்விடும் என்பதால் தனியாக அணைக்கும் பழக்கம் அங்கே யாருக்கும் கிடையாது.

டெக்னீஷியன் தன் ஷிப்டுக்கு முன்னாடியே டீயோடு உள்ளே வந்தார். பெட்டிக் கதவு திறந்திருந்தது. மாப்பிள்ளையின் கை, துணியோடு பாதி உள்ளே போயிருந்தது. உள்ளே மின்சாரம் இருப்பதைக் காட்டும் மீட்டர் முள் இறங்கவே இல்லை.

"மாப்ளே, கைய எடு!"

டம்ளர் எங்கே விழுந்ததோ. ஓடிப்போய்ச் சிவப்புப் பொத்தானை அடித்தார். விசிறி நின்றது. மாப்பிள்ளை சுவரோரம் சரிந்து உட்கார்ந்தார். கையில் ஒரு கீறல்கூட இல்லை.

"நான்தான் கம்பி போட்டேன். அலுத்துப்போய்ப் போட்டுட்டேன். உங்கிட்டயாவது சொல்லியிருக்கணும்."

மாப்பிள்ளை தன் கையையே திருப்பித் திருப்பிப் பார்த்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"உங்க ஷிப்டுக்கு அப்புறம் வந்தா நான் மீட்டரப் பாக்குறதே இல்ல மச்சான்," என்றார்.

டெக்னீஷியனுக்கு அழுகை வந்துவிட்டது.